ஷிஃப்ட்-என்டர் அடித்த வரி மட்டும் ஏன் இழுபடுகிறது? இருபுறச் சீரமைப்பும் வரிமுறிப்பும்

உரைகாரர் எழுதியது:

வணக்கம். வெண்பா யாப்பைப் பற்றிய பாடநூல் ஒன்றை வேர்டில் தொகுத்து வருகிறேன். உரைநடைப் பத்திகள் எல்லாவற்றையும், ஜஸ்டிஃபை என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இருபுறச் சீரமைப்பில் வைத்திருக்கிறேன். இடையிடையே எடுத்துக்காட்டாகக் குறள் வெண்பாக்கள் வருகின்றன. முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர் என்பதால், முதலடி முடிந்ததும் ஷிஃப்ட் விசையோடு என்டரை அழுத்தி இரண்டாமடியைக் கீழே இறக்கினேன். உடனே முதலடியின் நான்கு சீர்களும் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை பரவி நின்றுவிட்டன. சீருக்கும் சீருக்கும் இடையே இன்னொரு சீரையே நுழைத்துவிடலாம் போன்ற இடைவெளி. இரண்டாமடியோ எந்தக் குறையும் இல்லாமல் இடப்பக்கம் நிற்கிறது. வெறும் என்டர் அடித்தால் இந்தக் கோளாறு இல்லை. ஆனால் இரண்டு அடிகளுக்கும் நடுவே வேண்டாத இடைவெளி விழுந்து, ஒரே பாட்டு இரண்டு பாட்டுபோலத் தோன்றுகிறது. இது மென்பொருளின் பிழையா, அல்லது நான் கையாளும் முறை தவறா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பக்கவடிவாளர் எழுதியது:

இது பிழையன்று. வேர்ட் தன் விதியைப் பிசகாமல் பின்பற்றுவதால் வரும் தொல்லை. இருபுறச் சீரமைப்பு என்பது வரிக்குரிய பண்பன்று, பத்திக்குரிய பண்பு. ஒரு பத்தியை அப்படிச் சீரமைக்கச் சொன்னால், அதன் கடைசி வரி நீங்கலாக மற்ற எல்லா வரிகளையும் வலது ஓரத்தைத் தொடும்வரை நிரப்ப வேண்டும் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. எது கடைசி வரி என்பதை அது வரியின் நீளத்தைப் பார்த்தோ பொருளைப் பார்த்தோ முடிவு செய்வதில்லை. பத்திக்குறி எந்த வரியில் இருக்கிறதோ அதுதான் கடைசி வரி. ஷிஃப்ட்-என்டர் பத்திக்குறியை இடுவதில்லை, வரிமுறிப்புக் குறியைத்தான் இடுகிறது. ஆகவே உங்கள் முதலடி, வேர்டின் கணக்கில், ஒரு பத்தியின் நடுவில் இருக்கும் சாதாரண வரி. அதை நிரப்பியே ஆக வேண்டும். இரண்டாமடியில் பத்திக்குறி இருப்பதால் அதற்கு விலக்குக் கிடைக்கிறது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைகுறிகளைக் காணுங்கள். என்டர் அடித்த இடத்தில் இரண்டு கால்களுடன் திரும்பி நிற்கும் பத்திக்குறியும், ஷிஃப்ட்-என்டர் அடித்த இடத்தில் இடப்பக்கம் மடங்கிய சிறு அம்பும் தெரியும். இழுபட்டு நிற்கும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்த மடங்கிய அம்பு இருப்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வெறும் என்டர் அடித்தபோது விழும் இடைவெளி தனிக் கதை. வேர்ட் 2003 வரை இயல்புப் பத்திக்குப் பின் இடைவெளி எதுவும் இருந்ததில்லை. 2007 பதிப்பில் பத்திக்குப் பின் 10 புள்ளி இடைவெளியும் 1.15 வரியிடைவெளியும் இயல்பாக்கப்பட்டன. 2013 பதிப்பில் அவை 8 புள்ளியும் 1.08 ஆகவும் மாறின. நம்மில் பலர் ஷிஃப்ட்-என்டரைப் பழகிக்கொண்டதே இந்த இடைவெளியிலிருந்து தப்பிக்கத்தான் என்பது என் எண்ணம். இடைவெளியைப் பத்தி அமைப்பில் போய்க் குறைப்பதை விட்டுவிட்டு, பத்தியே இல்லாமல் செய்துவிடுகிறோம்.

உங்களுக்கு வேண்டியது செய்யுளுக்கென்று ஒரு தனி ஸ்டைல், அதாவது பெயரிட்டுச் சேமித்து வைக்கும் பத்தி அமைப்புகளின் தொகுப்பு. அதில் இடச் சீரமைப்பு, முன்னும் பின்னும் தேவையான அளவு இடைவெளி, உரைநடையைவிடச் சற்று உள்தள்ளிய இடது ஓரம் ஆகியவற்றை வையுங்கள். பத்தி அமைப்புப் பெட்டியில், ஒரே ஸ்டைலில் அடுத்தடுத்து வரும் பத்திகளுக்கு இடையே இடைவெளி சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. அதைக் குறியிட்டால் இரண்டு அடிகளும் ஒட்டி நிற்கும், பாட்டுக்கு மேலும் கீழும் மட்டும் இடைவெளி விழும். முதலடிக்கு மட்டும், அடுத்த பத்தியோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற கட்டத்தையும் குறியிட்டுவிட்டால், ஒரு பாட்டு பக்கத்தின் அடியில் பாதியும் மறுபக்கத்தின் தலையில் பாதியுமாக உடையாது. பிறகு ஒவ்வோர் அடிக்கும் தயங்காமல் என்டரே அடிக்கலாம்.

அலுவலக எழுத்தர் எழுதியது:

பக்கவடிவாளர் ஐயா சொல்வது நூல் தயாரிப்போருக்குப் பொருந்தும். எங்களைப் போன்றோர் நாள் முழுவதும் கடிதங்களை அடிக்கிறோம். அனுப்புநர், பெறுநர் ஆகியவற்றின் கீழ் வரும் முகவரி வரிகள், பொருள், பார்வை ஆகிய எல்லாமே முந்தைய கடிதம் ஒன்றைத் திறந்து அதன்மேல் அடிக்கப்படுபவை. கடிதத்தின் உடல் இருபுறச் சீரமைப்பில் இருக்க வேண்டும் என்று மேலிருந்து சொல்லிவிடுகிறார்கள். யாரோ ஒருவர் கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-ஜே அழுத்திவிடுகிறார். அடுத்த நொடியில், பெறுநரின் பதவிப் பெயரில் உள்ள இரண்டு சொற்களும் ஆளுக்கொரு ஓரத்தில் போய் நிற்கின்றன. முகவரிக்கென்று ஒரு ஸ்டைல், பார்வைக்கென்று ஒரு ஸ்டைல் என்று வைத்துக்கொள்ள எங்கள் மேசையில் யாருக்கும் பொறுமை கிடையாது.

இன்னொரு தொல்லை எண்ணிட்ட பட்டியல். மூன்றாம் எண்ணின் கீழ் இரண்டாவதாக ஒரு கருத்தைப் புதுவரியில் எழுத என்டர் அடித்தால் நான்காம் எண் முளைக்கிறது. அதைத் தவிர்க்க ஷிஃப்ட்-என்டர் அடித்தால், முளைக்காத எண்ணுக்குப் பதிலாக முந்தைய வரி இழுபடுகிறது. இதற்கு எளிய வழி உண்டா?

நிரல்வழி எழுதியது:

உண்டு, வேர்டிலேயே இருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் அந்தப் பக்கத்தின் அடிமட்டத்துக்கு இறங்குங்கள். லேஅவுட் ஆப்ஷன்ஸ் என்ற தலைப்பை விரித்தால், ஷிஃப்ட்-ரிட்டர்னில் முடியும் வரிகளில் எழுத்திடைவெளியை விரிக்காதே என்று பொருள்படும் கட்டம் ஒன்று வரும். அதைக் குறியிட்ட கணத்தில், அந்தக் கோப்பில் இழுபட்டு நின்ற வரிகள் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். 2013 பதிப்பில் இந்தப் பட்டியலிலிருந்து பழைய விருப்பங்கள் பலவற்றை நீக்கிவிட்டார்கள். இது தப்பிப் பிழைத்த சிலவற்றுள் ஒன்று.

இந்த அமைப்பு உங்கள் கணினியில் சேமிக்கப்படுவதில்லை, கோப்புக்குள் சேமிக்கப்படுகிறது. நீங்கள் குறியிட்ட கோப்பை வேறொருவர் திறந்தாலும் அவருக்கும் வரிகள் ஒழுங்காகவே தெரியும். ஆனால் அதிலிருந்து முகவரியை மட்டும் நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டினால், அங்கே அந்தக் கோப்பின் அமைப்புதான் செல்லும். வரி மறுபடியும் இழுபடும். நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று தானாகவே கெட்டுவிட்டது என்று அலுவலகங்களில் எழும் புகார்களில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கும். எழுத்தர் அம்மாவின் இடத்தில் நான் இருந்தால், கடிதத்துக்கென்று ஒரு டெம்ப்ளேட் செய்து அதில் இந்தக் கட்டத்தைக் குறியிட்டு, பழைய கடிதத்தின்மேல் அடிக்கும் பழக்கத்தையே நிறுத்திவிடுவேன்.

பட்டியலுக்கு இந்தக் கட்டமும் பயன்படும். அதைத் தொட விருப்பமில்லை என்றால், என்டர் அடித்து நான்காம் எண் முளைத்த உடனே பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்துங்கள். எண் மறைந்து, அந்தப் பத்தி மூன்றாம் எண்ணின் உரைக்கு நேர்கீழே நிற்கும். அடுத்து வரும் எண்ணிட்ட பத்தி நான்கிலிருந்தே தொடரும்.

ஈயெழுத்து எழுதியது:

ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த காலத்தில் அச்சகத்தில் வேலை கற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எழுத்துகளைக் கோக்கும் கைச்சட்டமான கம்போசிங் ஸ்டிக்கில் ஒரு வரி என்றால் அது முழு அகலத்துக்கும் இறுக்கமாக நிரம்பியே ஆக வேண்டும். நிரம்பாவிட்டால் அச்சேற்றும்போது எழுத்துகள் உதிர்ந்துவிடும். உரைநடை வரியில் சொற்களுக்கு நடுவே மெல்லிய ஸ்பேஸ்களைச் செருகி நிரப்புவோம். பத்தியின் கடைசி வரியில் சொற்கள் முடிந்ததும், மீதி அகலம் முழுவதற்கும் குவாட் என்னும் வெற்று ஈயக் கட்டைகளை வைத்து அடைப்போம். செய்யுள் என்றால் ஒவ்வோர் அடியின் முடிவிலும் குவாட்தான். நிரப்புவது எல்லா வரிக்கும் பொது. எங்கே நிரப்புவது என்பதில்தான் உரைநடையும் செய்யுளும் வேறுபட்டன. அதை முடிவு செய்தது கோப்பவரின் கை.

வேர்டில் குவாட்டின் வேலையைச் செய்வது டேப் விசை. வரி முடிந்ததும் முதலில் டேப், அதன்பின் ஷிஃப்ட்-என்டர் என்று அழுத்திப் பாருங்கள். டேப்புக்கு முன்னால் உள்ள சொற்களை வேர்ட் விரிப்பதில்லை. எஞ்சிய வெற்றிடத்தை டேப் வாங்கிக்கொள்கிறது. அவசரத்துக்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

பக்கவடிவாளர் எழுதியது:

ஈயெழுத்து ஐயாவின் விளக்கத்தை மிகவும் ரசித்தேன். ஆனால் டேப் உத்தியை ஒரு நூலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வரி ஏற்கெனவே வலது ஓரத்தை நெருங்கியிருந்தால், டேப் அடுத்த வரிக்குத் தாவி ஒரு வெற்று வரியை உண்டாக்கிவிடும். பின்னால் எழுத்துருவின் அளவை ஒரு புள்ளி கூட்டினாலே இது நேரும். கோப்பு அச்சக வடிவமைப்பாளரிடம் போகும்போது அந்த டேப்புகள் எல்லாம் கூடவே போகும். அவர் இன்டிசைன் என்னும் பக்கவடிவமைப்பு மென்பொருளில் அதைத் திறந்து ஒவ்வொன்றாக நீக்க வேண்டிவரும். ஒரு பக்கக் கடிதத்துக்குச் சரி, அடிகள் நூற்றுக்கணக்கில் வரும் செய்யுள் நூலுக்குச் சரியன்று.

கட்டற்றவர் எழுதியது:

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் எழுதுவோருக்காக இதைச் சேர்க்கிறேன். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக ரைட்டரின் கம்பேட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போனால், சீரமைத்த பத்திகளில் கைவரிமுறிப்பு உள்ள வரிகளின் சொல்லிடைவெளியை விரி என்னும் பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. வேர்டில் விரிக்காதே என்று கேட்கிறார்கள், இங்கே விரி என்று கேட்கிறார்கள். ஆகவே இதில் குறியை எடுத்துவிட வேண்டும். இரண்டு மென்பொருளையும் மாறி மாறிப் பயன்படுத்துவோர் இந்தத் தலைகீழ் அமைப்பில் குழம்புவது இயல்பு.

ரைட்டரின் பத்தி அமைப்பில் இன்னொரு வசதியும் உண்டு. இருபுறச் சீரமைப்பைத் தேர்ந்தெடுத்தால், கடைசி வரியை மட்டும் இடப்பக்கம் வைப்பதா, நடுவில் வைப்பதா, அதையும் விரிப்பதா என்று தனியே கேட்கும். விரிப்பது என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் சொல்லையும் விரி என்ற கட்டத்தையும் குறியிட்டால், கடைசி வரியில் தனியாக நிற்கும் சொல்லின் எழுத்துகள்கூடப் பிரிந்து பரவும். தமிழில் அதைச் செய்து பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டேன், பார்க்கச் சகிக்கவில்லை.

நிரல்வழி எழுதியது:

கேள்வியின் அடிப்படைக்கே திரும்புகிறேன். பக்கவடிவாளர் இதைப் பிழையன்று என்றார். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வலைப்பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் இதே சூழலுக்கு நேர்மாறான விதியை வைத்திருக்கிறது: பத்தியின் கடைசி வரிக்கு என்ன விலக்கோ, அதே விலக்கு, கட்டாய வரிமுறிப்புக்கு முன்னால் உள்ள வரிக்கும் உண்டு. உரைகாரர் தம் வெண்பாவை அப்படியே ஒரு வலைப்பக்கத்தில் இருபுறச் சீரமைப்போடு இட்டாலும் முதலடி இழுபடாது. வரியை இங்கே முறி என்று ஒருவர் வெளிப்படையாகச் சொல்லும்போது, இந்த வரி இவ்வளவுதான் என்பதையே பெரும்பாலும் சொல்கிறார். அதை மீண்டும் ஓரம்வரை இழுப்பது சொன்னதைப் பாதி கேட்டு மீதியை விடுவதாகும். வேர்டின் விலக்குக் கட்டம் அமைப்புகளின் அடியாழத்தில் கிடப்பதற்குப் பதிலாக, அதுவே இயல்பாக இருந்திருக்க வேண்டும்.

கட்டளைகளை எழுதிப் பக்கத்தை வடிவமைக்கும் லேடெக் என்னும் மென்பொருள் இதில் இன்னும் தெளிவு. அங்கே இரண்டு கட்டளைகள். இரட்டைப் பின்சாய்வுக் கோடு இட்டால் வரி முறிந்து, எஞ்சிய இடம் வெற்றிடத்தால் நிரம்பும், சொற்கள் அசையா. லைன்பிரேக் என்ற கட்டளையை இட்டால் வரி முறிந்து, சொற்கள் ஓரம்வரை விரியும். விரிவு அளவுக்கு மீறினால், பெட்டி நிரம்பவில்லை என்ற எச்சரிக்கையும் வரும். ஈயெழுத்து ஐயா சொன்ன இரண்டு கைவேலைகளுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிட்டார்கள். வேர்ட் இரண்டையும் ஒரே விசையில் அடைத்ததுதான் இந்த இழை முழுவதற்கும் காரணம்.

பக்கவடிவாளர் எழுதியது:

விசை ஒன்றாக இருப்பது குறைதான் என்பதை ஏற்கிறேன். ஆனால் விரிப்பதை இயல்பாக வைத்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. உரைநடைப் பத்தி ஒன்றில், வரியின் கடைசியில் வந்து விழும் சொல் அடுத்த வரிக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றும் இடங்கள் உண்டு: ஒருவரின் முதலெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் பிரிந்து நிற்பது, அல்லது ஆண்டின் எண் தனியாகப் போய் அடுத்த வரியைத் தொடங்குவது போன்றவை. அங்கே வரிமுறிப்பை இட்டுச் சொல்லைக் கீழே தள்ளுவோர், மேல்வரி ஓரத்தைத் தொட்டு நிற்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். தொடாமல் நின்றால் பத்தியின் நடுவே பல் விழுந்ததுபோல் இருக்கும். இன்டிசைனும் இந்தக் கட்சியைச் சேர்ந்ததுதான். சீரமைத்த பத்தியில் ஷிஃப்ட்-என்டர் அடித்தால் அதுவும் வரியை விரிக்கிறது. கடைசி வரியையும் விரிக்கும் முழுச் சீரமைப்பில், அந்த வரியின் மிச்சத்தை வாங்கிக்கொள்ள ஃபிளஷ் ஸ்பேஸ் என்ற சிறப்பு இடைவெளியை வைத்திருக்கிறார்கள். அது நம் குவாட்டேதான்.

முதலெழுத்தும் பெயரும் பிரிவதற்கு வரிமுறிப்பைவிட, கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி இடும் முறியா இடைவெளியே சிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உரை பின்னால் கூடினாலும் குறைந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். வரிமுறிப்போ, இட்ட நாளில் வரியின் முடிவில் இருக்கும். இரண்டு சொற்களைச் சேர்த்த மறுநாளே வரியின் நடுவுக்கு வந்து நின்றுகொண்டு, மூன்றே சொற்களைப் பக்கம் முழுவதும் பரப்பிக்காட்டும்.

யாழ்த்தட்டச்சு எழுதியது:

நான் ஊர்ச் சங்கத்தின் மலரைப் பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசைகளாக வடிவமைக்கிறேன். எனக்குப் பிரச்சினை நேர்மாறானது. வரிமுறிப்பு எதுவும் இடாமலே வரிகள் இழுபடுகின்றன. ஒடுங்கிய நெடுவரிசையில் "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" போன்ற ஒரு சொல் வந்தால் போதும். பதினைந்து எழுத்துக்கு இடம் வேண்டும், பதினான்குக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், முழுச்சொல்லும் கீழே போய்விடும். மேல்வரியில் எஞ்சிய இரண்டு சொற்களும் இரண்டு ஓரங்களுக்கும் ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே, சொல்லின் நடுவே ஷிஃப்ட்-என்டர் அடித்து நானே முறித்துவிடுகிறேன். "கேட்டுக்கொள்ளப்" வரை மேலே, "படுகிறார்கள்" கீழே. மேல்வரி ஓரம்வரை அழகாக நிரம்புகிறது. நிரல்வழி சொன்ன கட்டத்தைக் குறியிட்டால் எனக்கு அந்த நிரப்பலே போய்விடும். ஆனால் கட்டுரையாளர் ஒரு திருத்தம் அனுப்பினால் போதும், நான் முறித்த சொற்கள் எல்லாம் வரியின் நடுவில் இரண்டாக உடைந்து நிற்கின்றன. பாமினி என்னும் பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பப்படும் கட்டுரைகளில் நிலைமை இன்னும் மோசம்.

பக்கவடிவாளர் எழுதியது:

இந்த இழையில் எழுந்த கேள்விகளிலேயே தமிழுக்கு மிக நெருக்கமானது இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். வேர்ட் ஒரு வரியை நிரப்பும்போது சொல்லிடைவெளியில்தான் முறிக்கப் பார்க்கிறது. ஒட்டுச்சொற்கள் சேர்ந்து நீளும் மொழிக்கு, ஒடுங்கிய நெடுவரிசையில், ஒரு வரியில் இரண்டு மூன்று இடைவெளிகளே கிடைக்கும்; வரியின் மிச்சம் முழுவதையும் அந்த இரண்டு மூன்றும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல், வேர்ட் ஒவ்வொரு வரியாகத்தான் முடிவெடுக்கிறது. டொனால்ட் குனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட முறை, பத்தி முழுவதையும் ஒருசேரப் பார்த்து, கீழ்வரி ஒன்று மிகவும் விரியாமல் இருக்க மேல்வரியைச் சிறிது நெருக்குவது போன்ற சமரசங்களைச் செய்யும். லேடெக்குக்கு அடிப்படையான டெக் அதைத்தான் செய்கிறது. இன்டிசைனில் பாராகிராஃப் கம்போசர் என்னும் வரியமைப்பு முறையும் பல வரிகளைச் சேர்த்தே பார்க்கிறது. அங்கே சொல்லிடைவெளியை 80 விழுக்காடு வரை சுருக்கவும் 133 விழுக்காடு வரை விரிக்கவும் இயல்பாகவே இசைவு உண்டு. அந்த எல்லைகளை நாமும் மாற்றலாம். வேர்டில் இப்படி எண் கொடுத்து ஆளும் வசதியே இல்லை.

தமிழ் நூல்களிலும் நாளிதழ்களிலும் சொல்லை நடுவில் முறித்துச் சிறுகோடு இடாமலே அடுத்த வரிக்குப் போவது நெடுநாள் வழக்கம். வாசகர்கள் அதில் தடுக்கி விழுவதில்லை. முறிக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். மெய்யெழுத்து வரியின் தலையில் வரக்கூடாது. "படுகிறா" என்று மேலே விட்டு "ர்கள்" என்று கீழே தொடங்கினால் கண் உறுத்தும். "கேட்டுக்", "கொள்ளப்", "படுகிறார்கள்" என்று சொல்லின் பொருத்துகளில் முறிப்பது மிக நல்லது. அந்த இடங்களில் ஒற்றெழுத்து மேல்வரியிலேயே தங்கிவிடுகிறது.

ஆனால் அந்த முறிப்பை ஷிஃப்ட்-என்டரால் செய்யக்கூடாது. அது இங்கே முறித்தே ஆக வேண்டும் என்ற ஆணை. உங்களுக்கு வேண்டியது, தேவைப்பட்டால் இங்கே முறித்துக்கொள் என்ற இசைவு. அதற்கென்று யூனிகோடில் பூஜ்ய அகல இடைவெளி இருக்கிறது. ரைட்டரில் கண்ட்ரோலோடு முன்சாய்வுக் கோட்டை அழுத்தினால் அது வரும். வேர்டில் 200பி என்று (பி ஆங்கில எழுத்தாக) தட்டி, உடனே ஆல்ட்-எக்ஸ் அழுத்தலாம். கண்ட்ரோலோடு சிறுகோட்டை அழுத்தி இடும் விருப்பச் சிறுகோடும் இதே வேலையைச் செய்யும். ஆனால் முறியும் இடத்தில் கோடு அச்சில் தெரியும். கட்டுரை கூடினாலும் குறைந்தாலும் இவை இரண்டும் தேவையான இடத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும்.

நிரல்வழி எழுதியது:

பூஜ்ய அகல இடைவெளியைப் பரிந்துரைக்கும்போது அதன் பக்கவிளைவையும் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது ஓர் எழுத்துதான். அதை நடுவில் வைத்த "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. எழுத்துப்பிழை திருத்தி அதை இரண்டு சொல்லாக எண்ணிச் சிவப்புக் கோடு இடக்கூடும். அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்து வலையில் ஏற்றினால் அங்கும் அது தொடரும். ஆகவே மெய்ப்பு முடிந்த பிறகு, அச்சுக்குப் போகும் படியில் மட்டும் சேர்த்துக்கொண்டு, மூலக் கோப்பைத் தூய்மையாகவே வைத்திருப்பது நல்லது.

பாமினியைப் பற்றி: அது தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்த எழுத்துரு. தமிழின் மெய்ப்புள்ளி அங்கே அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கிறது, இகரமோ காற்புள்ளியின் இடத்தில். நீங்கள் தமிழைப் பார்க்கிறீர்கள், வேர்டோ நிறுத்தக்குறிகள் இறைந்துகிடக்கும் ஏதோ ஓர் ஆங்கிலத்தைப் பார்க்கிறது. வரியை எங்கே முறிக்கலாம் என்பதையும் அந்தக் குறிகளுக்குரிய விதிப்படியே முடிவு செய்கிறது. யூனிகோடில் "கொ" என்பதன் மெய்யும் உயிர்க்குறியும் பிரியக்கூடாது என்பது மென்பொருளுக்குத் தெரியும். பாமினியில் அது மூன்று தனி எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றாமல் பாமினிக் கட்டுரைகளைச் சீரமைக்க முயல்வது வீண் உழைப்பு.

யாழ்த்தட்டச்சு எழுதியது:

மாற்றிப் பார்க்கிறேன், நன்றி. ஒடுங்கிய நெடுவரிசையில் இருபுறச் சீரமைப்பே வேண்டாம், இடச் சீரமைப்போடு விட்டுவிடலாம் என்று யாரும் ஏன் சொல்லவில்லை?

ஈயெழுத்து எழுதியது:

நான் சொல்கிறேன். விட்டுவிடுங்கள். வலது ஓரம் ஏறி இறங்கி இருந்தால் வாசிப்பவர் குறை சொல்ல மாட்டார். நடுவில் ஓட்டை விழுந்தால் சொல்வார். மலர்க்குழு ஒப்புக்கொள்ளாது என்பதும் எனக்குத் தெரியும்.

உரைகாரர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செய்யுள் ஸ்டைல் ஒன்றை உருவாக்கிப் புதிய அதிகாரங்களில் பயன்படுத்துகிறேன். அடிகள் ஒட்டி நிற்கின்றன, இழுபடவில்லை. ஏற்கெனவே ஷிஃப்ட்-என்டர் அடித்து முடித்த அதிகாரங்களில் ஒவ்வொன்றாகப் போய்த் திருத்த வேண்டுமா? மேலும், வலைத்தளத்திலிருந்து எடுத்து ஒட்டிய சில உரைநடைப் பகுதிகளில் ஒவ்வொரு வரியுமே இழுபட்டு நிற்கிறது. மின்னஞ்சலில் வந்த வேறு சில பகுதிகளில், இருபுறச் சீரமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும் எதுவுமே நடப்பதில்லை. வலது ஓரம் ஒழுங்கில்லாமலே இருக்கிறது.

பக்கவடிவாளர் எழுதியது:

கடைசி இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். வலைத்தளத்திலிருந்து வந்ததில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரிமுறிப்பு இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வரியும் நடுவரியாகி விரிகிறது. மின்னஞ்சலில் வந்ததில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் பத்திக்குறி இருக்கிறது. ஒவ்வொரு வரியும் தானே ஒரு பத்தி, தானே அதன் கடைசி வரி, ஆகவே எதுவும் விரிவதில்லை. மறைகுறிகளை வெளிக்காட்டினால் இது உடனே தெரிந்துவிடும்.

திருத்துவதற்குக் கண்ட்ரோல்-எச் அழுத்தித் தேடி மாற்றும் பெட்டியைத் திறவுங்கள். அங்கே வரிமுறிப்பைக் குறிக்க, கேரட் என்னும் கூரைக்குறியை இட்டு அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எல் எழுத்தை அடிக்க வேண்டும். பத்திக்குறிக்குக் கேரட்டும் சிறிய பி எழுத்தும். செய்யுள்களை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பாட்டுகளுக்குச் செய்யுள் ஸ்டைலைக் கொடுத்துவிட்டு, தேடும் கட்டத்தில் வரிமுறிப்பை இட்டு, கீழே உள்ள ஃபார்மட் பொத்தான் வழியாக அந்த ஸ்டைலில் மட்டும் தேடு என்று வரையறுத்து, பத்திக்குறியாக மாற்றுங்கள். பத்தியைப் பிரித்தால் பிரிந்த இரண்டுக்கும் அதே ஸ்டைல் வரும் என்பதால் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. உரைநடையில் உள்ள வரிமுறிப்புகள் இந்தத் தேடலில் சிக்கா.

அதன்பின் வலைத்தளப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்திகளுக்கு நடுவே வெற்று வரி இருந்தால், அடுத்தடுத்து வரும் இரண்டு வரிமுறிப்புகளை முதலில் ஒரு பத்திக்குறியாக மாற்றுங்கள். பிறகு எஞ்சிய ஒற்றை வரிமுறிப்புகளை ஒரு வெற்று இடைவெளியாக மாற்றுங்கள். வரிசையைத் தலைகீழாகச் செய்தால் பத்திகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். மின்னஞ்சல் பகுதிக்கு ஒரு படி கூடுதல்: இரட்டைப் பத்திக்குறியை, உரையில் எங்கும் வராத ஏதேனும் ஒரு குறியாக முதலில் மாற்றி வையுங்கள், மூன்று நட்சத்திரம் போதும். ஒற்றைப் பத்திக்குறிகளை இடைவெளியாக்கிய பின், நட்சத்திரங்களை மீண்டும் பத்திக்குறியாக்குங்கள். எல்லாம் முடிந்ததும், இரட்டை இடைவெளிகள் தோன்றியிருந்தால் அவற்றை ஒற்றையாக்கிவிடுங்கள். சீரமைத்த வரியில் அவை ஒன்றுக்கு இரண்டாக விரியும்.

உங்கள் அதிகாரத் தலைப்புகளில் எதையேனும் ஷிஃப்ட்-என்டர் இட்டு இரண்டு வரியாக்கியிருந்தால், அவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தலைப்பில் உள்ள வரிமுறிப்பு பொருளடக்கத்துக்கும் அப்படியே போய்விடும்.